உயிர் காக்கும் கச்சை

மோட்டார் வண்டி மோதி நின்றுவிடினும், உள்ளிருப்பார் உடல் முன்னைய விரைவிலேயே செல்லும் என்பது நியூட்டன் கண்ட விதி. அவ்வுடலை எங்ஙனம் காப்பது? சுவீடன் நாட்டு நில்ஸ் போலின், ஆபத்தில் விமானியை வெளியேற்றும் இருக்கையை ஆராய்ந்தவர். வால்வோ நிறுவனத்திற் சேர்ந்து, 1959-இல் மும்முனைக் கச்சையை அமைத்தார். இடையை மட்டும் பிணித்த பழைய வார், மார்பையும் தலையையும் காவாது விட்டது, வயிற்றுறுப்புகளையும் ஊறுபடுத்திற்று. புதியதோ, மோதலின் விசையை மார்பெலும்பும் இடுப்பெலும்பும் தாங்குமாறு பகிர்ந்தது. ஒரு கையாற் பூட்டவும் எளிதாயிற்று. வால்வோ அவ்வமைப்பைப் பிற நிறுவனத்தாரும் கையாள விட்டது.

வலிய யந்திரத்தைக் கற்போர் மெலிய உடலையும் உடன் கற்றல் வேண்டும் என்பதே இவ்வாராய்ச்சி புகட்டும் பாடம். கச்சை கட்டுதல் போருக்கெழுவார் செயலென நம் மொழி கூறும். நாமோ உயிர் காத்தற்பொருட்டு அதனைக் கட்டுவோமாக.