நுரையீரல் புற்றுநோய்: மரபணுவையும் புரதத்தையும் சேர்த்துப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கட்டியின் டி.என்.ஏ.வைப் படித்தால் எது பழுதாகியிருக்கிறது என்று தெரியும். அந்தப் பழுது செல்லுக்குள் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைப் புரதம்தான் சொல்லும். மருந்துகள் பெரும்பாலும் போய் ஒட்டுவதும் புரதத்தில்தான். கொஞ்சம் பைத்தான் தெரிந்த உயிரியல் மாணவர் வீட்டுக் கணினியிலேயே இதைத் தொடங்கலாம்.

படி 1: தரவை எடுங்கள்

அமெரிக்காவின் சி.பி.டி.ஏ.சி திட்டம் 110 அடினோகார்சினோமா (நுரையீரல் புற்றுநோயின் ஒரு வகை) கட்டிகளை ஆராய்ந்து 2020 ஜூலையில் ‘செல்’ இதழில் வெளியிட்டது. தரவு இலவசம், திட்டத்தின் பெயரிலேயே பைத்தான் தொகுப்பும் உண்டு. அதே இதழில் 103 நோயாளிகளின் தைவான் ஆய்வும் வந்தது. அவர்களில் பெரும்பாலோர் புகைபிடிக்காதவர்கள்.

படி 2: பெயர்களைப் பொருத்துங்கள்

அலுப்பான வேலைதான். ஆனால் ஒருவரின் ஆர்.என்.ஏ இன்னொருவரின் புரதத்தோடு சேர்ந்துவிட்டால் எல்லாம் வீண். எக்செல்லில் மட்டும் திறக்காதீர்கள்: ‘மார்ச்1’, ‘செப்ட்2’ என்று பழைய பெயரில் இருக்கும் மரபணுக்களைத் தேதியாக்கிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல் 2020இல் அந்த மரபணுக்களுக்கே வேறு பெயர் வைத்தார்கள்!

படி 3: பூஜ்யத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

புரத அட்டவணையில் இருப்பவை லாக் விகிதங்கள். பூஜ்யம் என்றால் புரதம் இல்லை என்று பொருளல்ல. பொது ஒப்பீட்டு மாதிரியில் இருக்கும் அளவே இதிலும் இருக்கிறது என்று பொருள். காலிக் கட்டம் வேறு, அதில் கருவி எதையும் அளக்கவில்லை. அங்கே பூஜ்யத்தைப் போட்டு நிரப்புவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

படி 4: முரண்பாட்டைத் துரத்துங்கள்

ஆர்.என்.ஏ ஏறினால் புரதமும் ஏறும் என்று எதிர்பார்ப்போம். பல மரபணுக்களில் அப்படி நடப்பதில்லை. அங்கேதான் சுவாரசியம்.

கீப்1 என்ற புரதத்தின் வேலை, என்.ஆர்.எஃப்2 புரதத்தைப் பிடித்துச் சிதைவுக்கு அனுப்புவது. கீப்1இல் பிறழ்வு வந்தால் என்.ஆர்.எஃப்2 தேங்கிவிடும், அதன் ஆர்.என்.ஏ ஏற வேண்டிய அவசியமே இல்லை. டி.என்.ஏ.வில் ஒரு மரபணு கெட, விளைவு வேறொரு புரதத்தில் தெரிகிறது. என்.ஆர்.எஃப்2 செல்லில் சொற்பமாகவே இருப்பதால் அளப்பது கடினம். எனவே அது தூண்டும் என்.கியூ.ஓ.1 என்ற மரபணுவைப் பாருங்கள். கீப்1 பிறழ்வு உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்து, ஆர்.என்.ஏ ஒரு அச்சிலும் புரதம் மறு அச்சிலுமாக வரையுங்கள்.

சில புள்ளிகளில் ஆர்.என்.ஏ உயர்ந்திருக்க, புரதம் தரையில் கிடக்கலாம். பிழை என்று அழித்துவிடாதீர்கள். என்.கியூ.ஓ.1இன் 187ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதில் செரினோடு பிறந்தவர்கள் உண்டு. அந்தப் புரதம் நிலைக்காமல் சீக்கிரமே சிதைந்துவிடும். நோயாளியின் ரத்த டி.என்.ஏ.வையும் பார்த்தால் விடை கிடைக்கலாம்.

படி 5: சரிபாருங்கள்

10,000 புரதங்களை 0.05 என்ற வரம்பில் சோதித்தால், எதுவுமே இல்லாவிட்டாலும் சுமார் 500 தற்செயலாகத் தேறிவிடும். இப்படித் தற்செயலாகத் தேறுபவற்றைக் கட்டுப்படுத்தும் எஃப்.டி.ஆர் திருத்தம் செய்யாமல் யாரிடமும் காட்டாதீர்கள். மிஞ்சியதை வேறொரு தரவில் சோதியுங்கள். கீப்1ஐ மட்டும் தைவான் தரவில் தேட வேண்டாம். அது பெரும்பாலும் புகைப்பவர்களின் கட்டியில் வரும் பிறழ்வு. அதற்கு 2021இல் வெளியான, ஸ்குவாமஸ் என்ற இன்னொரு வகை நுரையீரல் புற்றுநோயின் தரவே பொருத்தம். அதில் 108 கட்டிகள் இருக்கின்றன.