டைரி சொன்ன சேதி

1943-ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது.

வட ஆப்பிரிக்காவில் உள்ள நாடு லிபியா. அங்கே அமெரிக்கப் படையின் விமான தளம் இருந்தது. ஏப்ரல் 4-ஆம் தேதி அங்கிருந்து 25 குண்டுவீச்சு விமானங்கள் புறப்பட்டன. கடலைத் தாண்டி இத்தாலிக்குப் போக வேண்டும். நேப்பிள்ஸ் துறைமுகத்தில் குண்டு போட வேண்டும்.

அவற்றில் ஒன்றின் பெயர் ‘லேடி பி குட்’. அதில் ஒன்பது பேர் இருந்தார்கள். விமானி ஹாட்டன். துணை விமானி டோனர். ஒன்பது பேரும் ஒன்றாகப் போருக்குப் போனது அதுவே முதல் தடவை.

அந்த விமானம் திரும்பி வரவில்லை. கடலில் விழுந்திருக்கும் என்று நினைத்தார்கள். தேடினார்கள். கிடைக்கவில்லை. ‘காணவில்லை’ என்று ஒன்பது வீடுகளுக்கும் சேதி போனது.

இறந்துவிட்டார் என்றால் அழுது தீர்க்கலாம். காணவில்லை என்றால் என்ன செய்வது? வாசலைப் பார்த்தபடி இருக்க வேண்டியதுதான்.

மணலில் கிடந்த விமானம்

15 ஆண்டுகள் கடந்தன. 1958-இல் எண்ணெய் தேடிய குழு ஒன்று பாலைவனத்தின் மேல் பறந்தது. கீழே ஒரு விமானம் கிடந்தது. 1959-இல் ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். அது ‘லேடி பி குட்’.

உள்ளே தண்ணீர் இருந்தது. வயர்லெஸ் கருவி வேலை செய்தது. ஆனால் ஆட்கள் இல்லை. பாராசூட்டுகளும் இல்லை.

1960 பிப்ரவரியில் வெகு தொலைவில் ஐந்து உடல்கள் கிடைத்தன. டோனரின் சட்டைப்பைக் குறிப்பேடு ஒன்றும் கிடைத்தது. அது அவர் எழுதிய டைரி.

நாளுக்குச் சில வரிகள்

திரும்பும்போது இரவாகிவிட்டது. வயர்லெஸ் மூலம் திசை கேட்டார்கள். அந்தக் காலத்துக் கருவி தளம் இருக்கும் கோட்டை மட்டுமே காட்டும். தளம் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று காட்டாது. விமானம் தளத்தைத் தாண்டிப் பாலைவனத்துக்குள் போய்விட்டது. எண்ணெய் தீர்ந்தது. இரவு இரண்டு மணிக்குப் பாராசூட்டில் குதித்தார்கள்.

எட்டுப் பேர் ஒன்று சேர்ந்தார்கள். ஜான் என்பவரை மட்டும் காணவில்லை. அதை டோனர் முதல் நாளே எழுதினார். மறுநாளும் எழுதினார்.

எட்டுப் பேருக்கும் அரைக் குப்பித் தண்ணீர்தான் இருந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மூடித் தண்ணீர். பகலில் கொடும் வெயில். இரவில் தூங்க முடியாத குளிர். பதினைந்து நிமிடம் நடந்தார்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்தார்கள். ஒருவருக்குக் கண் பார்வை போனது. எல்லோரும் பிரார்த்தனை செய்தார்கள்.

ஐந்தாம் நாள் மூன்று பேர் உதவி தேடி முன்னே போனார்கள். மற்ற ஐவரும் நடக்க முடியாமல் அங்கேயே தங்கினார்கள். ஏப்ரல் 12-ஆம் தேதி டோனர் கடைசியாக எழுதினார். உதவி வரவில்லை, இரவில் கடும் குளிர் என்பதே அதன் சாரம்.

அவர்கள் ஏறக்குறைய 130 கிலோமீட்டர் நடந்திருந்தார்கள். விமானமோ, குதித்த இடத்திலிருந்து சுமார் 26 கிலோமீட்டரில், எதிர்த்திசையில் கிடந்தது. அது அவர்களுக்குத் தெரியாது.

முன்னே போன மூவரில் இருவரின் உடல்கள் 1960 மே மாதம் கிடைத்தன. ஒருவர் இன்னும் சுமார் 30 கிலோமீட்டர் தாண்டிக் கிடந்தார். மற்றவர் அதற்கும் அப்பால். ஜானின் உடல் ஆகஸ்டில் கிடைத்தது. அவருடைய பாராசூட் சரியாக விரியவில்லை. மூன்றாமவர் இன்னார் என்று அடையாளம் சொல்லும்படி எதுவும் கிடைக்கவில்லை.

வீடு வந்தது என்ன?

எட்டுப் பேரின் உடல்கள் சொந்த நாட்டுக்குப் போயின. உடலைப் பார்த்தால் இறந்தது தெரியும். எப்படி வாழ்ந்தார்கள் என்பது தெரியாது. அதைச் சொன்னது டைரிதான். தண்ணீரைப் பங்கிட்டுக் குடித்தார்கள். காணாமல் போன நண்பரை மறக்கவில்லை. நடக்க முடிந்தவர்கள் மற்றவர்களுக்காக நடந்தார்கள். பிள்ளையைப் பற்றி நினைத்துப் பார்க்க இவை குடும்பங்களுக்கு மிஞ்சின. நாளுக்குச் சில வரி எழுதியதால் மிஞ்சின.

பேசுவோம், எழுதுவோம்

1. விமானம் ஏன் வழி தவறியது?
2. டோனரின் டைரி இல்லாவிட்டால் குடும்பங்களுக்கு எவை தெரியாமல் போயிருக்கும்?
3. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் பழைய சம்பவம் ஒன்றைக் கேளுங்கள். ஆண்டு, ஊர், பெயர் போட்டு ஐந்து வரி எழுதுங்கள். எழுதியதை அவருக்கே படித்துக் காட்டுங்கள்.