நூறு நாள் வேலைச் சட்டம்: எட்டு மாதமும் மூன்று நாளும்



சில வருஷத்துக்கு முன்னே எங்கள் குழுவில் ஒரு சங்கடம் நடந்தது. கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டுகிற நேரம். பிரதிநிதி தீர்மான நோட்டை நீட்டி, "நாளைக்கே பேங்குல கொடுக்கணும்க்கா, சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க" என்றார். எல்லாரும் போட்டோம். ஒருத்திகூட படிக்கவில்லை. மாதம் ஒருமுறை தவணை என்று பேசியதை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்று எழுதியிருந்தது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் மாதம் ஒருதரம் பால் காசு வாங்குகிறவள் பதினைந்தாம் நாள் பணத்துக்கு எங்கே போவாள்?

டெல்லியில் பாராளுமன்றத்திலும் இதே சண்டைதான் அடிக்கடி வருகிறது. "படிக்க நேரம் கொடுங்கள்" என்று ஒரு பக்கம் கேட்கும். "மக்களுக்கு நல்லது செய்வதை ஏன் தள்ளிப்போட வேண்டும்?" என்று ஆளும் பக்கம் சொல்லும். யார் ஆண்டாலும் இப்படித்தான். இதை டி.வி.யில் பார்க்கும்போது நமக்கென்ன என்று தோன்றும். நம் வேலை அட்டையை வைத்தே இதைப் பார்ப்போம்.

ஒரு சட்டம் முதலில் மசோதாவாக, அதாவது எழுதிய வரைவாக, சபைக்கு வருகிறது. மக்களவை, மாநிலங்களவை இரண்டும் நிறைவேற்றி ஜனாதிபதி கையெழுத்துப் போட்டால் சட்டம். நடுவில் நிலைக்குழு என்று ஒன்று உண்டு. எல்லாக் கட்சியையும் சேர்ந்த 31 எம்.பி.க்கள் உட்கார்ந்து வரிவரியாகப் படிப்பார்கள், அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், வெளி ஆட்களும் கருத்துச் சொல்லலாம். ஆனால் எல்லா மசோதாவையும் அங்கே அனுப்பியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சண்டை தொடங்குவது இங்கேதான்.

நூறு நாள் வேலை மசோதா 2004 டிசம்பர் 21-ல் மக்களவைக்கு வந்தது. அப்போது அதில் இருந்தது "ஏழைக் குடும்பம்" என்ற சொல். அப்படியே நிறைவேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயர் விட்டுப்போன எத்தனை பேர் நம் ஊரில் இருக்கிறார்கள் என்று நமக்கே தெரியும். ஓட்டு வீடு ஒன்று இருந்தாலே பட்டியலில் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

மசோதா ஊரக வளர்ச்சி நிலைக்குழுவுக்குப் போனது. தலைவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்த கல்யாண் சிங். 2005 ஜூலை கடைசியில்தான் அறிக்கை வந்தது. அந்த இடைவெளியில் சும்மா இருக்கவில்லை. மே, ஜூன் மாதங்களில் வேலை உரிமை கேட்டு பஸ்ஸில் பல மாநிலங்களைச் சுற்றி வந்தார்கள். கடைசியில் "ஏழை" என்ற சொல் எடுக்கப்பட்டது. உடல் உழைப்புக்குத் தயாராக இருக்கிற எந்த ஊரகக் குடும்பமும் கேட்கலாம் என்று ஆனது. ஆகஸ்ட் 23-ல் மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது, நம் மாநிலத்தில் கடலூர், திண்டுக்கல், நாகப்பட்டினம், சிவகங்கை, திருவண்ணாமலை, விழுப்புரம் ஆகிய ஆறு மாவட்டங்கள் முதலில் வந்தன. தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போனவர்களில் பத்தில் எட்டுக்கும் மேல் பெண்கள். ஒரே ஒரு சொல்லை எடுத்ததில் எத்தனை வீட்டு அடுப்பு எரிந்தது, பாருங்கள்.

இனி 2025. அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய மசோதா டிசம்பர் 16-ல் மக்களவைக்கு வந்தது. வி.பி. ஜி ராம் ஜி என்று சுருக்கிச் சொல்கிறார்கள். 18-ம் தேதி மக்களவையில் கூச்சலுக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அன்று நள்ளிரவு தாண்டி மாநிலங்களவையிலும் முடிந்துவிட்டது. 21-ம் தேதி ஜனாதிபதி கையெழுத்து. நிலைக்குழுவுக்கு அனுப்புங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன, அனுப்பவில்லை. சில உறுப்பினர்கள் மசோதா நகலைக் கிழித்து எறிந்தார்கள். (கிழிப்பதால் எந்த வரியும் மாறாது, அது வேறு விஷயம்.) அரசு தரப்பில், நள்ளிரவு வரை விவாதம் நடந்ததே, நாட்கள் 100-லிருந்து 125 ஆகிறதே என்றார்கள்.

125 என்பது நமக்கு நல்ல சேதிதான். ஆனால் கூடவே எழுதியிருப்பதையும் படிக்க வேண்டும். பழைய சட்டத்தில் நம் கூலி முழுவதும் மத்திய அரசு பணம். புதியதில் செலவு 60-க்கு 40. அதாவது நூறு ரூபாயில் 40 ரூபாயை தமிழ்நாடு போட வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் இவ்வளவு என்று மத்திய அரசு ஒதுக்கும், அதற்கு மேல் போனால் மாநிலத்தின் பொறுப்பு. விதைப்பு, அறுப்புக் காலத்தில் வருஷத்துக்கு மொத்தம் 60 நாள் இந்த வேலை நிற்கும். விவசாயத்துக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்பது அதற்குச் சொன்ன காரணம்.

இதில் எது சரி என்று இரண்டு பக்கமும் பேசலாம். நாற்று நட ஆள் கிடைக்காமல் அலைகிற சகோதரிகளும் நம் குழுக்களில் இருக்கிறார்கள். ஆனால் சொந்த நிலம் இல்லாதவள், கைக்குழந்தைக்காரி, அறுப்பு மெஷின் வந்ததால் வயல் வேலை இழந்தவள், இவர்களுக்கு அந்த 60 நாள் எப்படிப் போகும் என்று நிதானமாக உட்கார்ந்து கேட்கிற இடம் நிலைக்குழுதான். அந்தப் படி இதில் இல்லாமல் போனது. வரைவை 30 நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014-ல் மத்திய அரசே ஒரு கொள்கை வகுத்தது. அது கொள்கைதான், சட்டம் இல்லை.

தாமதம் எல்லாம் நல்லது என்றும் நினைத்துவிடாதீர்கள். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் மசோதா 1996-ல் வந்தது. கீதா முகர்ஜி தலைமையில் குழு உட்கார்ந்து அந்த வருஷமே அறிக்கையும் கொடுத்தது. நிறைவேறியது 2023 செப்டம்பரில். 27 வருஷம்! குழுவின் வேலை முடிந்த பிறகு நடந்தது ஆராய்ச்சி இல்லை, இழுத்தடிப்பு. உணவுப் பாதுகாப்பு மசோதாவும் 2011 டிசம்பரில் வந்து, நிலைக்குழுவுக்குப் போய், 2013 ஜனவரியில் அறிக்கையும் பெற்றது. பிறகு சபை கூடும்வரை பொறுக்காமல் ஜூலை 5-ல் அவசரச் சட்டமாகப் போட்டார்கள். அந்த அரசைப் பார்த்தும் எதிர்க்கட்சிகள் "என்ன அவசரம்?" என்றுதான் கேட்டன. ஆகவே மசோதா சபையில் எத்தனை நாள் இருந்தது என்பதைவிட, அந்த நாட்களில் யார் படித்தார்கள், எது மாறியது என்று பார்க்க வேண்டும்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தை ஒருவர் சத்தமாகப் படியுங்கள். பிறகு ஊக்குநர் இதைக் கேட்கட்டும்: நம் குழுவில் எத்தனை பேர் வேலை அட்டை வைத்திருக்கிறோம்? நம் ஊரில் 60 நாள் வேலையை நிறுத்துவதென்றால் எந்த மாதங்கள் சரிப்படும், எந்த மாதங்கள் அடியோடு கஷ்டம்? பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி, கிராம சபையில் கொடுங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.