புகைப்பட உதவியாளர் பணி: பெறுவதும் பேணுவதும்

மூன்றாம் ஆண்டு, இயற்பியல் துறை

முன்னுரை

கலியாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் எல்லோருடைய கண்களும் மணமக்கள் மீது இருக்கும். படம் எடுப்பவரையாவது சிலர் கவனிப்பர். அவருக்கு இரண்டடி தள்ளி, தலைக்கு மேல் விளக்கைத் தூக்கிப் பிடித்து நிற்பவனை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அவன் கை சற்றே தாழ்ந்தால் மணப்பெண்ணின் முகத்தில் மாலையின் நிழல் விழுந்துவிடும். அந்த நொடி மீண்டும் வராது. தாலியை இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியாது.

நம் மாணவ நண்பர்களில் சிலர் முகூர்த்த நாட்களில் இந்தப் பணிக்குச் சென்று தேர்வுக் கட்டணத்திற்கும் பேருந்துச் செலவுக்கும் வழி தேடிக்கொள்கின்றனர். இனிச் செல்ல நினைப்போரும் உளர். அவர்களுக்குப் பயன்படும் என்னும் எண்ணத்தால் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

பணி எத்தகையது?

உதவியாளரின் வேலை மண்டபத்தில் தொடங்குவதில்லை. முதல்நாள் மாலையே தொடங்கிவிடுகிறது. பாட்டரிகளுக்கு மின்னேற்றம் செய்ய வேண்டும். மெமரி கார்டுகள் காலியாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அதிலும் பழைய படங்களை வேறு இடத்தில் சேமித்தாயிற்றா என்று முதலாளியிடம் கேட்டறிந்த பின்னரே எதையும் அழிக்க வேண்டும். இரண்டு காமிராக்கள் இருந்தால் இரண்டின் கடிகாரங்களையும் ஒரே நேரத்திற்குத் திருப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆல்பம் தயாரிக்கும்போது இரண்டு காமிராவின் படங்களும் கலந்து, தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை அழைப்பு நடந்ததுபோல் வரிசை குழம்பும்.

அடுத்தது விளக்கு. இங்கே நாம் வகுப்பில் படிக்கும் எதிர் இருமடி விதி நேரே வந்து நிற்கிறது. விளக்கு 1 மீட்டர் தூரத்தில் இருக்கும்போது முகத்தில் விழும் ஒளி, 2 மீட்டர் தூரத்திற்குச் சென்றால் பாதியாகக் குறைவதில்லை. நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. 1.4 மீட்டருக்கு நகர்ந்தாலே ஏறக்குறைய பாதி ஒளி போய்விடும். கூட்டம் நெருக்க, உதவியாளன் தன்னை அறியாமல் ஓரடி பின்வாங்கினால் படம் ஏன் இருண்டு போகிறது என்பது இப்போது விளங்கும். பிளாஷின் அளவை மாற்றாமல் வைத்துப் படம் எடுக்கும்போது, தூரத்தைக் காப்பதே உதவியாளனின் தலையாய கடமை.

பாதுகாப்பும் அவன் பொறுப்பே. விளக்கு ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை வைப்பதும், தரையில் ஓடும் வயரை டேப் ஒட்டிப் படிய வைப்பதும் சிறு வேலைகள்தாம். ஆனால் ஓடி விளையாடும் குழந்தையின் கால் வயரில் சிக்கினால் விளைவு சிறிதாக இராது. ஸ்டூடியோ பிளாஷுக்குள் இருக்கும் மின்தேக்கி, மின் இணைப்பைத் துண்டித்த பின்னும் அபாயகரமான மின்னூட்டத்தை வைத்திருக்கக் கூடும். பழுது பார்க்கிறேன் என்று அதைத் திறத்தல் ஆகாது.

வேலை கேட்கும் முறை

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது பழமொழி. இது உழவனுக்கு மட்டும் உரியதன்று. ஆவணியில் முகூர்த்தங்கள் அடுக்கி வரும்போது ஸ்டூடியோக்காரருக்கு நின்று பேச நேரம் இராது. ஆடியிலும் மார்கழியிலும் கலியாணங்கள் நடப்பது அரிது. கருவிகளைத் துடைப்பதும் பழைய ஆல்பங்களை முடித்துக் கொடுப்பதும் அப்போதுதான். வேலை கேட்கவும் கற்றுக்கொள்ளவும் அதுவே ஏற்ற காலம்.

கேட்கப் போகும்போது நாம் எடுத்த படங்களைக் கட்டுக் கட்டாகக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. அவர் தேடுவது இன்னொரு கலைஞரை அன்று. விடியற்காலை நான்கு மணிக்கு மண்டப வாசலில் நிற்பானா, சொன்னதைச் சொன்னபடி செய்வானா என்பவையே அவர் மனத்தில் உள்ள கேள்விகள். எனவே எந்தெந்த நாட்களில் வர இயலும், எந்த நாட்களில் தேர்வு உள்ளது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது பெரிய சிபாரிசைவிட நன்று. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதிலும் குறைவு ஒன்றுமில்லை.

இதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. பாரிஸ் நகரில் வாழ்ந்த மேன் ரே என்னும் கலைஞர், 1923-ஆம் ஆண்டில் இருட்டறை வேலைக்குப் புகைப்படக் கலை அறியாத ஒருவரையே தேடினார். அமெரிக்காவிலிருந்து சிற்பம் பயில வந்திருந்த பெரெனிஸ் அபாட் என்னும் பெண்மணி அப்பணியில் சேர்ந்தார். 1926-இல் அவர் சொந்த ஸ்டூடியோ தொடங்கினார். நியூயார்க் நகரத்தைப் பற்றிய அவருடைய படங்கள் 1939-இல் நூலாக வெளிவந்தன. பின்னாளில் அவர் இயற்பியல் பாடநூலுக்காகவும் படங்கள் எடுத்தார் என்பது எம் துறையினருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. நம் நாட்டிலும் கே.வி. ஆனந்த் அவர்கள் பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்தவர், பி.சி. ஸ்ரீராமிடம் உதவியாளராகப் பணிபுரிந்தார். ஒளிப்பதிவாளராக அவர் பணியாற்றிய முதல் படமான ‘தேன்மாவின் கொம்பத்து’ 1994-இல் வெளிவந்தது. அதற்கே தேசிய விருது கிடைத்தது.

மாணவியரும் இப்பணிக்குத் தயங்க வேண்டியதில்லை. மணப்பெண் அலங்கரிக்கப்படும் அறைக்குள் ஆண்கள் நுழைவது எல்லா வீட்டாருக்கும் உகந்ததன்று. அங்கே ஒரு பெண் உதவியாளர் இருப்பது இரு தரப்பாருக்கும் நிம்மதி.

நடந்துகொள்ளும் முறை

முதலாவது, உடை. பளபளக்கும் சட்டையும் அழுத்தமான சிவப்பும் வேண்டா. விளக்கொளி சட்டையில் பட்டு அதே நிறத்தை மணமக்கள் முகத்தில் வீசும். கருமையோ சாம்பல் நிறமோ பொருத்தம்.

இரண்டாவது, கையும் நாவும். மணப்பெண்ணின் முந்தானை மடங்கியிருந்தால் நாம் தொட்டுச் சரிசெய்யக் கூடாது. அருகில் இருக்கும் பெண் உறவினரிடம், “அம்மா, அந்த மடிப்பைக் கொஞ்சம் பாருங்கள்” என்றால் போதும். கோவில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகியவற்றில் எங்கே நிற்கலாம், விளக்குப் போடலாமா என்பதை முன்பே கேட்டறிய வேண்டும்.

மூன்றாவது, பிழை நேர்ந்தால் மறைத்தல் கூடாது. விளக்கு ஒருமுறை எரியவில்லை என்றால் உடனே, பிறர் காதில் விழாதபடி, “அண்ணே, இப்போது பிளாஷ் அடிக்கவில்லை” என்று சொல்லிவிட வேண்டும். உடனே சொன்னால் அவர் இன்னொரு படம் எடுத்துக்கொள்வார். மாலையில் சொன்னால் வருந்துவதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாது.

நான்காவது, படங்களின் உரிமை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது, பணம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவரே அப்படத்தின் முதல் உரிமையாளர் ஆவார். படம் எடுத்தவருக்கே இந்த நிலை என்றால், விளக்குப் பிடித்தவர் அதைத் தம் கைப்பேசியில் ஏற்றி ஊருக்குக் காட்டுவது எவ்வகையில் முறையாகும்? ஒரு வீட்டுப் பெண்ணின் படம் அவ்வீட்டார் அறியாமல் வெளியே சென்றால், கெடுவது அந்த ஸ்டூடியோவின் பெயர் மட்டுமன்று. அதேபோல், முதலாளியின் வாடிக்கையாளரிடம் நம் முகவரிச் சீட்டை நீட்டுவதும் தகாது.

பணிவும் அடிமைத்தனமும்

இவ்வளவும் சொன்னதால் உதவியாளன் வாய் திறக்கவே கூடாது என்று கொள்ளலாகாது. நாள் கூலி எவ்வளவு, பேருந்துச் செலவு யாருடையது, பணம் அன்றே கிடைக்குமா என்பவற்றைப் பணிக்குச் செல்லுமுன் கேட்டுத் தெளிவது மரியாதைக் குறைவு ஆகாது. ‘பழகிக்கொள்ளத்தானே வந்தாய்’ என்று மாதக்கணக்கில் கூலியின்றி வேலை வாங்கும் இடத்தில் தொடர்ந்து இருப்பது அறிவுடைமை அன்று. நள்ளிரவில் வரவேற்பு முடிந்தால் வீடு சேர வழி என்ன என்று கேட்கும் உரிமையும் உண்டு. மாணவியருக்கு இது மிகவும் இன்றியமையாதது. தேர்வு நாளில் முகூர்த்தம் வந்தால் தேர்வே முதன்மை. முன்கூட்டியே தேதி சொல்லியிருந்தால் எந்த நல்ல முதலாளியும் வருந்தமாட்டார். விலக நேர்ந்தாலும், ஒப்புக்கொண்ட கலியாணங்களை முடித்துக் கொடுத்துவிட்டே விலக வேண்டும்.

முடிவுரை

காமிராக்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. பிலிமும் இருட்டறையும் பெரும்பாலும் மறைந்து, எல்லாம் டிஜிட்டல் ஆயின. ஆனால் படம் எடுப்பவரால் கண்ணைக் காமிராவிலிருந்து எடுக்க முடியாத நொடிகள் மட்டும் மாறவில்லை. அந்த நொடிகளில் பின்னால் திரும்பிப் பாராமலே, ‘விளக்கு அங்கேதான் இருக்கும்’ என்று அவர் எந்த உதவியாளனை நம்புகிறாரோ, அடுத்த முகூர்த்தத்திற்கும் அவனையே அழைப்பார். கற்றுக்கொடுக்கவும் அவனையே தேர்வார். அந்த நம்பிக்கையைத் தேடிக்கொள்ள விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஆகவே கையில் காமிரா இல்லாத நம் போன்ற மாணவர்களுக்கும் இத்தொழிலின் வாசல் திறந்தே இருக்கிறது.