துப்பாக்கி என்றாலே பதறும் கரையில்

அண்ணன் மகளுக்கு 13 வயது. ஏர் பிஸ்டல் பழக மதுரைக்குக் கூட்டிப்போகட்டுமா என்று கேட்டேன். "பொம்பளப் பிள்ளைக்குத் துப்பாக்கி எதுக்கு தம்பி? நம்ம கரையில கேட்ட சத்தம் போதாதா?" என்றார் மதினி. 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் நடுக்கடலில் குண்டடிபட்டு இறந்தார். அந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ள முடியாது. ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டு வரும் நம்பிக்கைகள் சிலவற்றைப் பிரித்துப் பார்க்கலாம்.

துப்பாக்கி பிடித்த பிள்ளை முரடாகிவிடும் என்பது முதலாவது. ரேஞ்சில் முதலில் சொல்லித் தருவது சுடுவதை அல்ல. குழாய் எப்போதும் இலக்குப் பக்கமே இருக்க வேண்டும், குறி வைக்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும், கட்டளை வரும்வரை ஆயுதத்தைத் தொடக்கூடாது. 10 மீட்டர் போட்டியில் 75 நிமிடத்தில் 60 குண்டுகள். அவ்வளவு நேரமும் நெஞ்சுத் துடிப்பைக்கூட அடக்கி நிற்கிற விளையாட்டில் முரடர்கள் மார்க் வாங்குவதில்லை.

அடுத்தது, கண் கூர்மையாக இருந்தால் போதும், பொட்டையே உற்றுப் பார்த்துச் சுட வேண்டும் என்பது. திருவிழா பலூன் கடையில் ஒற்றைக் கண்ணை மூடிப் பழகியவர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். உண்மை நேர் எதிர். கண்ணால் ஒரே நேரத்தில் இரண்டு தூரங்களைத் தெளிவாகப் பார்க்க முடியாது. தெளிவாகத் தெரிய வேண்டியது கைக்கு அருகில் இருக்கும் ஃப்ரண்ட் சைட், அதாவது முன் குறி.

"சித்தப்பா, வட்டம் மங்கலாத் தெரியுது."

"மங்கலாத்தான் தெரியணும்."

கணக்குப் போட்டால் காரணம் புரியும். முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி ஒரு அடிக்குச் சற்று மேல். கை மொத்தமாக 1 மி.மீ. நகர்ந்தால் குண்டும் 1 மி.மீ. தான் நகரும். முன் குறி மட்டும் 1 மி.மீ. பிசகினாலோ, 10 மீட்டருக்கு அப்பால் சுமார் 3 செ.மீ. விலகிவிடும். பத்துக்கான வட்டத்தின் விட்டமே 11.5 மி.மீ. தான், பத்தாக வேண்டியது ஏழாகிவிடும். அதனால் கை லேசாக ஆடுவதற்குப் பயப்பட வேண்டாம், அது எல்லாருக்கும் ஆடும். விசையை வெடுக்கென்று இழுப்பதுதான் கெடுக்கும். கண்ணாடி போட்ட பிள்ளைகளும் தாராளமாகச் சுடலாம்.

2024 பாரிஸில் துருக்கியின் யூசுப் டிகெச் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வெள்ளி வென்ற படம் உலகமெல்லாம் சுற்றியது. அலட்சியம் என்றார்கள். பிஸ்டல்காரர்கள் பலரும் நிற்கிற விதமே அதுதான். சும்மா இருக்கிற கை ஆடாமல் இருக்க ஓர் இடம் வேண்டும். அதே கலப்பு இரட்டையர் போட்டியில் வெண்கலம் வாங்கியது நம் மனு பாக்கர், சரப்ஜோத் சிங் ஜோடி.

பணக்கார விளையாட்டு என்பதில் பாதி உண்மை. வெளிநாட்டுப் போட்டி பிஸ்டல் ஒரு லட்சத்தைத் தாண்டும். தொடக்கத்தில் கிளப் பிஸ்டலே போதும். சொந்தமாக வாங்கினால் நம் உப்புக்காற்றுக்குத் துடைத்து எண்ணெய் போட்டுத்தான் வைக்க வேண்டும். குண்டு ஈயம், கை கழுவாமல் பிள்ளை எதையும் தின்னக் கூடாது.

கடைசியாக, ஏர் கன்னுக்கு லைசென்ஸே வேண்டாம், எதையும் சுடலாம் என்ற நம்பிக்கை. முன்பாதி ஓரளவு சரி. 4.5 மி.மீ. குழாயும் 20 ஜூலுக்கு மேல் போகாத ஆற்றலும் உள்ளவற்றுக்கு உரிமம் தேவையில்லை. .22 பிஸ்டல் வேறு கதை. 21 வயதுக்கு முன் உரிமமே கிடையாது, விதிகளுக்கு உட்பட்டுப் பயிற்சி மட்டும் பெறலாம். பின்பாதி குற்றம். சித்திரங்குடிக்கும் காஞ்சிரங்குளத்துக்கும் வரும் நாரையையும் கொக்கையும் ஏர் கன்னால் சுட்டாலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி வேட்டைதான். மொட்டை மாடியில் நின்று கொக்கை விழுத்திக் காட்டுகிற மாமாவிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள் என்று மதினியிடம் நானே சொன்னேன்.