க்யூஆர் கேள்வி, கறார் பதில்

அவிநாசி சாலையில் இருபதடி ஃப்ளெக்ஸ் வைத்து, மூலையில் க்யூஆர் கோடும் போட்டோம். ஒருவர்கூட ஸ்கேன் செய்யவில்லை. டிசைனர் மேல் தப்புங்களா?
– ஃபர்னிச்சர் கடைக்காரர், பீளமேடு

ஏனுங்க, அந்தச் சாலை மேலே ஜி.டி.நாயுடு மேம்பாலத்தில் போகிறவர் உங்கள் சோபாவுக்காக பைக்கை ஓரங்கட்டிப் போனை எடுப்பாருங்களா? சாலைப் பலகைக்குக் கடைப் பெயரும், எந்த ஸ்டாப் பக்கம் என்பதும் போதும். ஆள் சும்மா நிற்கிற இடம்தான் கோட்டுக்கு இடம்: பில் கவுண்டர், லிஃப்ட் வாசல், பஸ் ஸ்டாப். எவ்வளவு தள்ளி நின்று பார்ப்பார்களோ, அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும். பத்து மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஒரு மீட்டர். உங்கள் மூலையில் இருப்பதை டேப் வைத்து அளந்துவிட்டு, அப்புறம் டிசைனரைத் திட்டுங்கள்.

நெய் பாட்டில் லேபிளில் கோடு போட்டு ஐயாயிரம் அச்சடித்தோம். இலவசமாக ஒரு வெப்சைட்டில் செய்ததுதான். முதல் வாரம் எங்கள் வீடியோ வந்தது. இப்போது ஸ்கேன் செய்தால் ‘திட்டம் முடிந்துவிட்டது, பணம் கட்டவும்’ என்று வருகிறது. கோடு காலாவதி ஆகுமா?
– நெய் வியாபாரி, ஊத்துக்குளி

ஆகாது. நெய்தான் காலாவதி ஆகும். கோடு வெறும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். அதற்குள் ஒரு முகவரி எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். 1994-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசஹிரோ ஹாராவின் குழு, கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைப்பதற்காக இதை உருவாக்கியது. காப்புரிமை இருந்தும், உலகம் பயன்படுத்தட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு விட்டுவிட்டார்கள். கண்டுபிடித்தவனே கேட்காத வாடகையை, நடுவில் ஒருத்தன் உங்களிடம் கேட்கிறான்.

நடந்தது இதுதான். நீங்கள் செய்தது ‘டைனமிக்’ கோடு. அதற்குள் இருப்பது உங்கள் முகவரி அல்ல, அந்த வெப்சைட்காரரின் முகவரி. ஸ்கேன் செய்கிறவர் முதலில் அவர் வாசலுக்குப் போகிறார், அவர் அங்கிருந்து உங்களிடம் திருப்பிவிடுகிறார். சோதனைக் காலம் முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டார். ஐயாயிரம் பாட்டிலும் இப்போது அவருக்கு விளம்பரம். அச்சுக்கூலி உங்களது.

மாதத்துக்கு ஒருவராவது இதே கதையோடு லேபிளைத் தூக்கிக்கொண்டு வருகிறார். ஜவுளிக்கடை, விதைக்கடை, பல் டாக்டர் என்று ஆளுக்குக் குறைவில்லை. காகிதத்தின் ஜிஎஸ்எம் கேட்கிறார்கள், லேமினேஷன் மேட்டா கிளாஸா என்று அரை மணி நேரம் பேசுகிறார்கள். கோட்டுக்குள் யார் முகவரி இருக்கிறது என்று மட்டும் கேட்பதில்லை. வாடகை நிலத்தில் கிணறு வெட்டுகிற வேலை இது.

செய்ய வேண்டியது: உங்கள் பெயரில் ஒரு டொமைன் வாங்குங்கள். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும். பில்லும் பாஸ்வேர்டும் உங்களிடம் இருக்கட்டும், வெப்சைட் செய்து கொடுத்த தம்பியிடம் அல்ல. ‘டொமைன், சாய்கோடு, நெய்’ என்று சின்னதாக ஒரு முகவரி வைத்து, அதுவே நேராக உள்ளே இருக்கிற ‘ஸ்டாட்டிக்’ கோடு எடுங்கள். இன்று அந்த முகவரி வீடியோவுக்குப் போகட்டும், தீபாவளிக்கு ஆர்டர் பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். லேபிளைத் தொடவே வேண்டாம். டைனமிக் என்று அவர்கள் காசு வாங்கிச் செய்கிற வேலை இதுதான். முகவரி சின்னதானால் இன்னொரு லாபமும் உண்டு. எழுத்து கூடக் கூடக் கட்டங்கள் நெருங்கும். மிகச் சின்னக் கோட்டில் பக்கத்துக்கு 21 கட்டம், மிகப் பெரியதில் 177. வளைந்த பாட்டிலில், நெய் பட்ட லேபிளில், 177-ஐ எந்தப் போன் படிக்கும்?

இருக்கிற ஐயாயிரத்துக்கு? பழைய கோட்டின் மேல் புதியதைச் சின்ன ஸ்டிக்கராக ஒட்டிவிடுங்கள். பணம் கட்டிப் புதுப்பிக்காதீர்கள். அடுத்த வருடமும் கேட்பான்.

கல்யாணப் பட்டு ஜவுளிக் கடை நாங்கள். மெரூன் பையில் தங்க நிறக் கோடு, நடுவில் பெரிதாக லோகோ. பார்க்க அருமையாக இருக்கிறது, சில போனில் மட்டும் எடுக்கவில்லை.
– ஒப்பணக்கார வீதி

அருமையாக இருப்பது பைக்கு. கோட்டுக்கு வெளிர் பின்னணியில் அடர் நிறம், சுற்றிலும் நாலு கட்ட அகலத்துக்கு வெற்றிடம். தங்க ஃபாயில் வெளிச்சத்தில் பளபளத்தால் கேமரா குருடாகும். லோகோ கட்டாயம் என்றால், பிழைதிருத்த அளவை உச்சத்தில் வையுங்கள். சுமார் முப்பது சதவீதம் சேதமானாலும் அது தாங்கும். அந்த முப்பதையும் லோகோவுக்கே தாரை வார்த்தால், பை கசங்கும்போது மிச்சம் ஏதுங்க?

என் பணம் வாங்குற கோடு மேல வேற யாராச்சும் ஸ்டிக்கர் ஒட்டிருவாங்கன்னு மகன் பயமுறுத்துறான். எடுத்துப்போடலாமா?
– இளநீர்க் கடை, பொள்ளாச்சி

எடுக்க வேண்டாங்க அம்மணி. அப்படி ஒட்டுகிறவர்கள் உண்டுதான், ஆனால் பிடிக்கச் சுலபம். காலையில் கடை விரித்ததும் மகன் போனில் ஸ்கேன் செய்து, உங்கள் பெயர் வருகிறதா பாருங்கள். காசு வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டி வாயைத் திறக்காதவரை காசு வரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட் காட்டினால் சிரித்துவிட்டு நிற்கச் சொல்லுங்கள். ‘உங்களுக்குப் பணம் போட இதை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க’ என்று யாராவது சொன்னால் அவன் திருடன். வாங்குவதற்குப் பின் தேவையே இல்லை. மீறிக் காசு போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு மகனைப் போன் செய்யச் சொல்லுங்கள்.

மகனுக்கு ஒன்று: பணக் கோட்டுக்குப் பக்கத்திலேயே இன்ஸ்டாகிராம் கோட்டை ஒட்டாதே கண்ணு. காசு போட வந்தவர் உன் ரீல்ஸ் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

வெட் கிரைண்டர் தயாரிக்கிறோம். அட்டைப்பெட்டியில் கோடு போட்டுக் கம்பெனி வரலாற்றைக் கொடுத்திருக்கிறோம். வேறென்ன சேர்க்கலாம்?
– கணபதி

சேர்க்காதீர்கள், மாற்றுங்கள். பெட்டி மறுநாளே பழைய பேப்பர்காரரிடம் போய்விடும், கிரைண்டர் பதினைந்து வருடம் வீட்டில் இருக்கும். கோடு மெஷினில் இருக்க வேண்டும், மாவு தெறிக்காத அடிப்பக்கத்தில். எவர்சில்வர் மேல் நேரடியாகப் பொறித்தால் பளபளப்பில் படிக்காது, மேட் ஸ்டிக்கர் போடுங்கள். உங்கள் தாத்தா பட்டறை ஆரம்பித்த கதையை யாரும் மாவுக்கையோடு படிக்கப்போவதில்லை. பெல்ட் மாற்றுவது எப்படி, கல்லைக் கழற்றிக் கழுவுவது எப்படி, பக்கத்து ஊர் சர்வீஸ்காரர் நம்பர் என்ன: இந்த மூன்றையும் தமிழில் கொடுங்கள். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கி வைத்திருக்கிறோம். பெல்ட் அறுந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் சேலத்தில் ஒரு அம்மா முழிக்கிறார்.

ஈரோட்டிலும் தாராபுரத்திலும் பேப்பருக்குள் நோட்டீஸ் வைத்தோம். எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்?
– செக்கு எண்ணெய், காங்கேயம்

நல்ல கேள்வி. இதைக் கேட்கிறவர்கள் குறைவு. வாட்ஸ்அப் இணைப்பில் முன்கூட்டியே எழுதிவைத்த வாசகம் சேர்க்கலாம். ஈரோட்டு நோட்டீஸின் கோடு ‘ஈரோடு, நல்லெண்ணெய் விலை?’ என்ற செய்தியைத் திறக்கட்டும், தாராபுரத்தினுடையது ‘தாராபுரம்’ என்று. அனுப்பு பட்டனைத் தட்டியதும் ஊர் பெயரோடு உங்கள் போனில் வந்து நிற்கும். மாதக் கட்டணம் இல்லை, நோட்டில் எண்ணினால் போதும். பதில் சொல்ல ஆள் வையுங்கள். ஞாயிறு காலை கேட்டவருக்குச் செவ்வாய் பதில் போட்டால் அவர் வேறு எண்ணெயில் தாளித்து முடித்திருப்பார்.

கூகுளில் ஐந்து நட்சத்திரம் போட்டால் பத்து சதவீதம் தள்ளுபடி என்று கோடு வைக்கலாமா?
– பேக்கரி, ஆர்.எஸ்.புரம்

கூடாது. கூகுள் விதிப்படி தப்பு, கண்டுபிடித்தால் அந்த ரிவ்யூக்களைத் தூக்கிவிடலாம். பஃப்ஸைச் சூடாகக் கொடுங்கள்.

ஐரோப்பாவுக்குத் துணி அனுப்ப ஒவ்வொரு பனியனிலும் கோடு கட்டாயம் என்கிறார்கள். உடனே மெஷின் வாங்க வேண்டுமா? விற்கிறவர் அவசரப்படுத்துகிறார்.
– ஜாப் ஒர்க் யூனிட், திருப்பூர்

விற்கிறவர் அவசரப்படுத்தாமல் என்ன செய்வார்? ஐரோப்பிய ஒன்றியம் ‘டிஜிட்டல் ப்ராடக்ட் பாஸ்போர்ட்’ கொண்டுவருவது உண்மை. அதற்கான அடிப்படைச் சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது, ஜவுளி முன்வரிசையில் இருக்கிறது. ஆனால் துணிக்கென்று தனி விதி எழுதப்பட்ட பிறகுதான் எதைக் காட்ட வேண்டும் என்பது முடிவாகும். கோடு அச்சடிப்பது கடைசி வேலை, அதுவும் பையர் சொல்கிறபடிதான் இருக்கும். நூல் எந்த மில்லில் வாங்கியது, எந்தச் சாயப்பட்டறை, எந்த லாட் என்று இன்றே எழுதி வையுங்கள். அது இல்லாமல் கோட்டுக்குள் எதைப் போடுவீர்கள்?

எங்கள் மெஸ்ஸில் மெனு கார்டை எடுத்துவிட்டு மேசைக்கு மேசை கோடு ஒட்டிவிட்டோம். வயதானவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.
– காந்திபுரம்

கார்டைத் திரும்ப வையுங்கள். அரிசிம்பருப்பு சாதம் இருக்குதா என்று கேட்க எதற்குங்க டேட்டா?