படிக்கப் பணம்: கேள்வி–பதில்

பதில் தருபவர்: கல்விக் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்

அண்ணன் பி.காம். முடித்திருக்கிறார். அப்பா, அம்மா பள்ளியோடு நின்றவர்கள். எனக்கு முதல் பட்டதாரிச் சலுகை உண்டா?
– மாணவர், அரியலூர்

கிடையாது. உங்கள் வீட்டின் முதல் பட்டதாரி அண்ணன்தான்.

மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. கல்லூரியில் வேறு உதவித்தொகை வருகிறது. புதுமைப் பெண் திட்டப் பணமும் வாங்கினால் அது நின்றுவிடுமோ?
– ஒரு தாய், திண்டுக்கல்

பயப்படாதீர்கள் அம்மா. வேறு உதவித்தொகை வந்தாலும் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். மகளின் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று மட்டும் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றரை லட்சம் கல்விக் கடனுக்கு வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், விருதுநகர்

கூடாது. 4 லட்சம் வரை அடமானம் வேண்டியதில்லை. வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்ன மறுப்பை வைத்து மேலிடத்தில் முறையிட முடியாது.

கலந்தாய்வில் மகனுக்குப் பொறியியல் இடம் கிடைத்திருக்கிறது. நான்கு ஆண்டுக்கு 4 லட்சம் வேண்டும். வேலைக்குப் போகும்போதே பையன் தலையில் கடன் இருக்கக் கூடாதென்று, நானே வெளியில் ரெண்டு வட்டிக்கு வாங்கப் போகிறேன். தேங்காய்க் காசில் வட்டி கட்டிவிடுவேன். சரிதானே?
– விவசாயி, பட்டுக்கோட்டை

சரியில்லை ஐயா. ரெண்டு வட்டி என்றால் 4 லட்சத்துக்கு மாதம் 8,000 ரூபாய். நான்கு ஆண்டில் 3,84,000 வட்டியாகவே போயிருக்கும். அசல் அப்படியே நிற்கும். 2018-இல் கஜா புயல் அடித்தபோது உங்கள் பக்கம் எத்தனை தோப்பு சாய்ந்தது! தென்னை சாய்ந்த மாதத்திலும் வட்டி கேட்டு ஆள் வருவார்.

வங்கிக் கடனுக்குப் படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை இல்லை. அதுவரை தனிவட்டிதான். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கு நாக் அல்லது படிப்புக்கு என்.பி.ஏ. அங்கீகாரமும் இருந்தால், அந்த வட்டியை மத்திய அரசு ஏற்கும். வருமானச் சான்று வைத்து நீங்கள்தான் கேட்க வேண்டும். பிறகு 15 ஆண்டு வரை தவணையாகக் கட்டலாம்.

பையன் தலையில் கடன் கூடாது என்கிறீர்கள். தோப்பு கைவிட்டுப் போனால் அது யார் தலையில் விழும்? அவன் சம்பளத்தில் அடைக்கக்கூடிய கடன் ஒன்று, குடும்பத்தின் நிலத்தைத் தின்னும் கடன் இன்னொன்று. மூன்றாம் ஆண்டில், வெளிக்கடனை அடைக்கக் கல்விக் கடன் கேட்டு எத்தனையோ அப்பாக்கள் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள். அப்போது என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வீட்டில் பட்டதாரி இல்லையென்றால், முதலில் இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். கலந்தாய்வு இடம் என்பதால் கற்பிப்புக் கட்டணச் சலுகை கிடைக்கும். மிச்சத்துக்கு மட்டும் கடன் கேளுங்கள். வங்கிக்கு மகனையும் கூட்டிப்போங்கள். கடன் இருவர் பெயரிலும்தான் இருக்கும். எவ்வளவு வாங்குகிறோம், எப்போது கட்டத் தொடங்க வேண்டும் என்பது அவனுக்கும் தெரியட்டும். மறைத்து வளர்ப்பது பாசம் ஆகாது.

கடன் வாங்கித் தர ஒருவர் 10,000 ரூபாய் கேட்கிறார்.
– வாசகி, சேலம்

கொடுக்காதீர்கள். கல்விக் கடனில் தரகருக்கு வேலையே இல்லை. அந்தப் பணத்தை விடுதிக்குக் கட்டுங்கள்.